உறையில் எழுதியிருப்பது

சால்மன் ஆலையை இடித்த வாரம்
பால்தோவினோ நாவுத்தோ
ஒரு சுருள் கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்,
செத்த விலாங்கைத் தூக்கி வருகிறவன் போல.
கறுப்பு உறையில் வெள்ளை எழுத்து:
அறுநூறு வோல்ட், ஏ.சி.
"இது ஆகுமா, எர்சிரா?
என் வீட்டில் இருப்பதெல்லாம் டி.சி."

வெளியே மழை.
சிலோயே தீவில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகும் என்றேன்.
செம்புக்குத் திசை தெரியாது.
உறைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று,
எவ்வளவு தாங்கலாம் என்பது.
அறுநூறு என்று அடக்கமாக எழுதியிருக்கிறதே தவிர
அலையின் உச்சியில் அது தாங்குவது
எண்ணூற்று நாற்பதுக்கும் மேல்.
உன் கூரையில் எட்டு பேனல்.
வெயில் அடித்தால்
(அடித்தால்)
முந்நூறு.

படகுக்கு மட்டும் இதைப் போடாதே.
பன்னிரண்டு வோல்ட் என்பது
கூலிக்காரன் கையில் வாரக்கடைசிப் பணம்,
வழிச்செலவுக்கே கரையும்.
பேட்டரியிலிருந்து பம்புக்குப் போக எட்டு மீட்டர்,
திரும்பி வர எட்டு மீட்டர்.
இந்த ஒல்லிக் கம்பியில்
இரண்டு வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும்.
மிச்சத்தை வாங்கிக்கொண்டு பம்பு முனகும்.

தலையாட்டினான். பாதி கேட்டான்.
கேட்ட பாதியில் கேபிள் இருந்தது,
சுவிட்ச் இல்லை.

வியாழன் மதியம், அதிசயமாக வெயில்.
நொயெல்ஃபா ஓடி வந்தாள், ஒரு காலில் மட்டும் செருப்பு.
சமையலறைச் சுவரிலிருந்து பிடுங்கிய
அழகான வெள்ளைச் சுவிட்சைப்
பேனல் கம்பியில் பொருத்தியிருக்கிறான்.
அணைத்தானாம்.
அணையவில்லை.
இரண்டு உலோக நாக்குகளுக்கு நடுவே
நீலமாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது,
பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாக வடிய.

படகின் பழைய பாயை இழுத்துக் கூரைமேல் விரித்தோம்.
சூரியனை அணைக்க
வேறு சுவிட்ச் இல்லை.

கை நடுக்கம் நின்ற பிறகு சொன்னேன்:
ஏ.சி. நொடிக்கு நூறு தடவை
பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும்.
தொடும் அந்த இமைப்பில் தீப்பொறி செத்துப்போகும்.
சுவர் சுவிட்ச் செய்வது பாதி வேலை,
மீதியை மின்சாரமே முடித்துக் கொடுக்கிறது.
டி.சி.க்கு அந்தப் பழக்கம் கிடையாது.
நீ கையை விட்டாலும்
அது விடாது.

சொல்லும்போதே எனக்கு வேறு ஞாபகம்.
லிசார்தோவும் நானும் இருபது வருஷம் சண்டை போட்டோம்,
பாத்திரம் பறக்க.
கதவைச் சாத்தினால் தீர்ந்தது.
அண்ணனோடு அப்படி இல்லை.
குரல் உயரவேயில்லை,
பதினோரு வருஷம், ஒரே சீராக, ஒரே திசையில்.
அங்கேயும் கதவைச் சாத்திப் பார்த்தேன்.
கதவுதான் எரிந்தது.

தல்காவேயிலிருந்து டி.சி. சுவிட்ச் வாங்கிவரச் செய்தேன்.
கனமானது, அழகில்லாதது,
வெடுக்கென்று அகலமாகப் பிரியும்.
உள்ளே பழுப்பும் நீலமுமாக இருந்த கம்பிகளில்
எது நேர், எது எதிர் என்று
நாளைக்கு வருகிறவன் திணறாமல் இருக்க
நொயெல்ஃபாவின் நகச்சாயத்தால்
ஒரு முனையைச் சிவப்பாக்கினேன்.

உறைமேல் இருக்கும் ஏ.சி. என்ற எழுத்தை
சுரண்டிவிடட்டுமா என்று கேட்டான்.
வேண்டாம், இருக்கட்டும்.
அது பொய்யில்லை.
வேறொரு கேள்விக்கு எழுதிய பதில்.

இதோ, கரையில் அவன் படகின் பம்பு முனகுகிறது.
அதே கறுப்பு உறை, அதே வெள்ளை எழுத்து.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
இன்றைக்கு.