நாலு ஐந்நூறு

அண்டி ஆபீசில் தல்லினால் நாளுக்கு இருநூற்றைம்பது,
மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம்.
கருங்கல் சந்தைப் பக்கம் பிள்ளைக் காப்பகம் நாலாயிரம்.
பால்மாவு நாம் கொடுக்க வேண்டும்,
காய்ச்சல் என்றால் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள்.
பஸ் ஓசிதான். ஆனாலும்
கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது
அண்டிக் கறை மட்டும்.

நின்றுவிட்டேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம் பியூலாவும் நின்றுவிட்டாள்,
மார்த்தாண்டத்தில் துணிக்கடை வேலையை.
என் ஆன்சிலுக்குப் பதினாலு மாதம்.
அவள் ஜெவினாவுக்குப் பத்து.

தையல் மிஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனோம்.
வருமானம்?
இல்லை, பிள்ளை வளர்க்கிறோம்.
அதுக்கு இதுல இடம் இல்லையே என்றாள் மேடம்.
கெட்டவள் இல்லை. பேனா நின்ற இடத்தைத்தான் சொன்னாள்.
அடுத்த வீட்டுப் பிள்ளையை வளர்த்தால்? என்றாள் பியூலா.
அப்போ போடலாம். ரசீது வேணும்.

வரும் வழியெல்லாம் பியூலா பேசவில்லை.
பாலூர் இறக்கத்தில்தான்
சிரிக்கத் தொடங்கினாள்.

ஒன்றாம் தேதி, காலை எட்டரை.
மதில் மேலாக ஆன்சில் அங்கே போனான்,
ஜெவினா இங்கே வந்தாள்.
மாதக் கடைசியில் நாலு ஐந்நூறு கொடுத்து ரசீது வாங்கினேன்.
அதே நாலையும் திருப்பித் தந்து
அவளும் ரசீது வாங்கினாள்.
ஒரு நோட்டின் ஓரத்தில் யாரோ நீல மையில்
கூட்டல் போட்டிருந்தார்கள், விடை தப்பு.
மூன்று மாதம் அந்தத் தப்பு
மதிலைத் தாண்டித் தாண்டி வந்தது.
புதிதாக ஒரு பைசா வரவில்லை.
இரண்டு பேருக்கு வேலை மட்டும் கிடைத்தது.

கொத்தன் வேலைக்குப் போகிற என் ஆள் சிரிக்கவில்லை.
"யாரை ஏமாத்துதிய?" என்றார். பிறகு,
"நான் வீட்டுல நிக்கட்டா? எனக்கு எவ்வளவு தருவ?"
ஒரு மழை நாளில் நின்றும் பார்த்தார்,
ஜெவினாவோடு. மத்தியானமே தூங்கிவிட்டார்.
அரைநாள் பிடித்தேன்.

பதினோரு மணிக்கு ஆன்சில் அழுவான்.
இது பசி, இது தூக்கம், இது சும்மா
என்று மதில் வழியாகவே எனக்குத் தெரியும்.
மடியில் ஜெவினா கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள்.
நைட்டியின் இடப்பக்கம் நனையும்.
எட்டிப் பார்க்க மாட்டேன். ட்யூட்டி நேரம்.
அவள் பிள்ளை அழும்போது அவளும் பார்த்ததில்லை.
இவ்வளவு ஒழுங்காக நாங்கள்
எந்த முதலாளிக்கும் உழைத்ததில்லை.

ஜெவினா முதல் அடி வைத்தது
என் அடுக்களையில், அரிசிப் பானைக்கும் எனக்கும் நடுவில்.
சொல்லவில்லை.
மறுநாள் பியூலா மதிலில் ஏறிக் கத்தினாள்:
நடக்குதா, என் பிள்ளை நடக்குதா!
அப்படியா என்றேன்.
அதற்கு ரசீது கிடையாது.

சரிபார்க்க மேடம் வந்தாள்.
ஆறு ரசீதையும் அடுக்கி வைத்தோம்.
திறந்து கிடந்த கேட் வழியாக ஆன்சில் ஓடி வந்து
என் சேலையைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றான்.
வரவுப் பக்கம் இருக்க வேண்டியவன்.
மேடம் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறகு போனில் மணி பார்த்தாள்.
அவள் பிள்ளை நாகர்கோவிலில் இருக்கிறதாம்,
ஆறு மணிக்கு மேல் அரை மணிக்கு நூறு ரூபாய்.
என்னவோ எழுதினாள்.
சாயா குடிக்காமல் போனாள்.

கடன் வந்தது, ஒரு மிஷினுக்கு மட்டும்.
மதில் மேல் வைக்க முடியாது.
எந்தப் பக்கம் வைப்பது, யார் தைப்பது,
யார் இரண்டு பிள்ளையையும் பார்ப்பது என்று
இரண்டு நாளாகப் பேசுகிறோம்.
எல்லாம் ஏறக்குறைய முடிந்தாயிற்று.
பார்ப்பவளுக்கு எத்தனை,
அங்கே வந்ததும்
இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.