கால் மில்லிமீட்டர்

நான் மருத்துவர் இல்லை.
கூர்கான் நகரத்து மருத்துவமனையில், மூன்றாம் மாடியில்,
விசை அளக்கும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள்.
வெளியே தொபோல் ஆறு உறைந்து கிடக்கிறது.
உள்ளே ஆறாம் அறையில் இல்கிஸ் ஷராஃபுல்லின்,
ரயில் பெட்டிகளைக் கோர்ப்பவன்,
ஒருநாள் தன் வலது காலையும் சேர்த்துக் கோர்த்துவிட்டவன்.

சீழ் தின்ற ஆறு சென்டிமீட்டரை எடுத்துவிட்டு
முனைகளைச் சேர்த்தார்கள்.
அதற்கு மேலே, நல்ல எலும்பில், புதிதாக ஒரு வெட்டு.
ஒரு வாரம் அதைத் தொடவில்லை.
பிறகு இழுக்கத் தொடங்கினோம்.

நான்கு வளையம், எட்டுக் கம்பி, திருகுத் தண்டுகள்.
காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, நடு இரவு:
வேளைக்குக் கால் மில்லிமீட்டர்.
ஒரு காலுக்கு ஒரு நாளில் நான்கு கால்.
அதற்கு மேல் மயிரிழையும் கிடையாது.

திருகியதும் என் திரையில் விசை துள்ளி எழும்.
பிறகு மெல்ல இறங்கும்,
சண்டைக்கு எழுந்தவன்
பாதிப் பேச்சில் உட்கார்ந்துவிடுவது போல.
அந்த இறக்கம்தான் எனக்கு வேண்டும்.
இடைவெளியில் இருப்பது இன்னும் எலும்பு அல்ல,
நீளவாக்கில் ஓடும் நார், இரத்தம்,
பாலாடை மாதிரி ஏதோ ஒன்று.
இழுத்தால் முறைக்கும், விட்டுக்கொடுக்கும்,
விட்டுக்கொடுத்த இடத்தில் வளரும்.
எஃகுக்கு இந்தக் குணம் இல்லை.
எஃகைத்தான் நான் ஐந்து வருடம் படித்தேன்.

பத்தொன்பதாம் நாள் கோடு எழுந்தது, இறங்கவில்லை.
பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். வயரை மாற்றினேன்.
அப்புறம்தான் இல்கிஸின் முகத்தைப் பார்த்தேன்,
அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
செவிலி க்ளஃபீரா அவன் தலையணைக்கு அடியிலிருந்து
பத்தாம் எண் ஸ்பானரை எடுத்தாள்.

ஏப்ரலில் ஆறு உடைவதற்குள் வீடு போகவேண்டுமாம்.
குழந்தை பிறக்கப்போகிறதாம்.
"ராத்திரியில் கொஞ்சம் கூடுதலாகத் திருகினேன்," என்றான்,
"உங்களுக்கும் வேலை மிச்சம்தானே."
ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.
எக்ஸ்ரேயில் வெறும் கறுப்பு.
நீளம் இருந்தது.
நீளத்துக்குள் எதுவும் இல்லை.

மருத்துவர் திட்டவில்லை. அதே ஸ்பானரால்
பின்னோக்கித் திருகினார்.
எட்டு நாள், வந்த வழியே.
பிறகு மீண்டும் ஒன்றிலிருந்து.

ஆறு உடைந்த வாரம் ஷுமிஹாவிலிருந்து தொலைபேசி:
மகள். ஒலிபெருக்கியில் வீறிட்டாள்.
அப்போது நான் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன்.
கோட்டில் ஒரு நடுக்கம்.
'நோயாளி அசைந்தார்' என்று எழுதிவைத்தேன்.

இழுத்து முடித்ததும் தராசில் நிற்கவைத்தோம்.
காலில் இறங்கிய நாற்பது கிலோவில்
முப்பத்தொன்றை வளையங்கள் தாங்கின.
ஜூலையில் இருபது.
பிறகு வேண்டுமென்றே மரைகளைத் தளர்த்தினோம்,
சுமக்காத எலும்புக்குச் சோம்பல் வரும்.
ஆகஸ்டில் பதினொன்று. வலிக்கிறது என்றான்.
நல்லது என்றேன். முறைத்தான்.
செப்டம்பரில் மூன்று.

என் வேலையில் வெற்றி என்றால் இதுதான்:
எண்கள் ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போவது.
மூன்றுக்குக் கீழே போனால் கழற்றலாம் என்பது
எங்கள் மாடியின் வழக்கம்.
க்ளஃபீரா கம்பிகளை வெட்ட,
தட்டில் அவை ஒவ்வொன்றாக விழுந்து
ஒலி எழுப்பின.

இப்போது அந்தக் காலில்
என் உணரியை ஒட்ட ஓர் இடமும் இல்லை.
உள்ளே எது எவ்வளவு தாங்குகிறது,
எனக்குத் தெரியாது.
வாசலில் அவன் மனைவி குழந்தையை நீட்டினாள்.
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
இரண்டு கையாலும் வாங்கினான்.
வலது காலில்தான் நின்றான், கவனித்தேன்.
ஏழு கிலோ இருக்கும்,
கண்ணளவில்.