திரும்பி வராத பாதி

கெல்லர் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில்
கார்டு தேய்த்தால் இரண்டு டாலர் கூடுதல்.
வெர்லின் ஹாஸ்டெட்டர் பணமாகவே கொண்டுவந்திருந்தார்,
தானிய வங்கியின் பழைய உறையில்
எண்ணி ஒன்பது டாலர்.
கல்யாணச் சான்றுக்கு முத்திரையிட்ட நகல் ஒன்று.
ஓய்வூதியக்காரர்கள் கேட்கிறார்களாம்.
"நாற்பத்தெட்டு வருஷமா யாரும் கேட்கலை"
என்றார், தன் மீதுதான் குற்றம் என்பதுபோல.

ஐடெல்லா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.
புது முழங்கால், பழைய ஊன்றுகோல்,
பனிச்சேறு அப்பிய பூட்ஸ்.

பெட்டக அறைக்குள் போனேன்.
எழுபத்தாறு, ஜூன்.
மணமகன் பெயரில் ஒரு அட்டவணை, மணமகள் பெயரில் ஒன்று;
இரண்டும் ஒரே பக்கத்தைக் காட்டின.
மேல்பாதியில் உரிமம் வழங்கிய விவரம், நீல மசி.
கீழ்ப்பாதியில்
போதகர் எழுத வேண்டிய தேதி, இடம், கையெழுத்து
எதுவும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எனக்கு முன்னிருந்தவர்:
"இரண்டு கடிதம் போட்டாச்சு. பதில் இல்லை."

கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர்.
உரிமமோ ஒரு வருஷத்தில் காலாவதி.

எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி
தேவையில்லாமல் இன்னொரு புத்தகத்தையும் புரட்டினேன்.

சொன்னேன்.
ஐடெல்லாதான் முதலில் சிரித்தாள்.
போதகர் க்ரேபில் தன் தொப்பியையே
வாரம் ஒருமுறை தொலைப்பவராம்.
காரின் கையுறைப் பெட்டியில் வைத்திருப்பார்.
அவரும் போய்விட்டார், காரையும் விற்றுவிட்டார்கள்.
மாப்பிள்ளைத் தோழன் இறந்து பதினோரு வருஷம்.
மணப்பெண் தோழி மார்வெல்லா இருக்கிறாள்,
முதியோர் இல்லத்தில்;
அவளுக்கு எல்லா நாளும் வியாழக்கிழமை.

சாட்சி இல்லையென்றால்
புதிதாக விண்ணப்பிக்கலாம், என்றேன்.
படிவம் நான்கு பக்கம். கேள்விகளை நான் கேட்டாக வேண்டும்.
இருவருக்கும் இரத்த உறவு உண்டா?
"ஒரே கிணத்துத் தண்ணிதான் இத்தனை வருஷமும்.
அது சேருமா?"
சேராது.
இதற்கு முன் நடந்த திருமணங்களின் எண்ணிக்கை?
வெர்லின் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.
பூஜ்யம் என்றால் மூன்று பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது,
ஒன்று என்றால் அது எப்படி முடிந்தது என்பது அடுத்த கேள்வி.

"பூஜ்யம் போடு," என்றாள் ஐடெல்லா.

அவர் கையெழுத்திட்டார்.
படிவம் அவள் பக்கம் நகர்ந்தது.
அவள் பேனாவைத் தொடவில்லை.
"போன தடவை யோசிக்க நேரம் தரலை," என்றாள்.
"அப்பா, களஞ்சியம், சோளம் விதைக்கிற அவசரம்.
இப்ப யோசிக்கணும்."

வரிசையில் பின்னால் நின்ற இளஞ்ஜோடி
சுவரில் இருந்த வரைபடத்தை
அவ்வளவு கவனமாகப் பார்த்தது.

அவர்கள் வெளியே போனார்கள்.
ஜன்னல் வழியாக அந்த பிக்கப் தெரிந்தது.
எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை.
கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்து
இருவரும் மறைந்துபோனார்கள்.
நான் ஒரு நாய் உரிமம் கொடுத்தேன்,
இரண்டு சொத்து வரி ரசீது,
அந்த ஜோடிக்கு அவர்களுடையது.

நாலரைக்கு, மூட அரைமணி இருக்க, திரும்பினார்கள்.
வெர்லினின் காது சிவந்திருந்தது.
நிபந்தனை ஏதோ போட்டிருக்கிறாள்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை, நானும் கேட்கவில்லை.
கட்டணத்துக்கு அவர் உறையைத் திறக்க
அவள் தடுத்தாள்.
"இந்தத் தடவை என் காசு."
பர்சிலிருந்து கசங்கிய நோட்டுகள், மீதி சில்லறை.

மேல்மாடியில் நீதிபதி
வேகமாக ஓட்டிய வழக்கு இரண்டுக்கு நடுவே
ஆறு நிமிடம் ஒதுக்கினார்.
கீழ்ப்பாதியை வழக்கமாக அஞ்சலில் அனுப்பச் சொல்வோம்.
நான் படியேறிப் போய் கதவருகே காத்திருந்தேன்.
மசி காயுமுன் கையில் வாங்கினேன்.

புதுப் பக்கம் நிறைந்தது.
பழைய பக்கத்தை நிரப்ப எனக்கு அதிகாரம் இல்லை.
பென்சில் வரிக்குக் கீழே, பென்சிலாலேயே,
இன்றைய தேதியை மட்டும் எழுதி
புத்தகத்தை மூடினேன்.