குழாய் கழுவுகிறவன் சொல்லும் பட்டியல்

மாடிவீட்டுக்காரரே,
பெங்களூரில் எது நல்ல பப் என்று
என்னிடமா கேட்கிறீர்கள்?
சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள்.
கன்டோன்மென்ட் பக்கம் பாதிக் கடைகளின்
தொண்டைக்குள் எட்டிப் பார்த்தவன் நான்.

திங்கள் காலை ஒன்பதரை.
சர்ச் தெருக் கல்தரை இன்னும் காயவில்லை.
பின்வாசல் வழி, சமையலறை வழி,
கையில் இருபது லிட்டர் காரத் தண்ணீர்,
தோளில் சுருட்டிய ரப்பர் குழாய்.
வெளிச்சத்தில் எந்த பப்பும் அழகில்லை.
மேசைமேல் தலைகீழாய் நாற்காலிகள்,
நேற்று குடித்தது அவைதான் என்பதுபோல.
ஒற்றைக் கம்மல், நசுங்கிய எலுமிச்சை,
யாரோ யாருக்கோ எழுதி
கொடுக்காமல் விட்ட போன் நம்பர்.

பீப்பாயிலிருந்து குழாய்முனை வரை
பதினெட்டு அடி இருட்டு.
அதற்குள்தான் ஒரு கடையின் குணம் இருக்கிறது.
வெண்ணெய் வாசம் வந்தால்
முதலாளி வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று பொருள்.
புளித்த காடி வாசம் வந்தால்
மேனேஜர் மாறிவிட்டார்.
மருந்தை ஊற்றி, ஊறவைத்து,
லிட்மஸ் தாள் நீலமாவது நிற்கும்வரை
தண்ணீர், தண்ணீர், இன்னும் தண்ணீர்.
நான் குடிப்பதில்லை.
சத்தியம் கித்தியம் எதுவுமில்லை,
வாசமே வயிற்றை நிரப்பிவிடுகிறது.

இப்போது பட்டியல்.

இந்திராநகர் மாடி பப்புகள் வேண்டாம்.
பாட்டுச் சத்தத்தில் குழாய்கூட அதிர்கிறது,
நுரை தங்காது.
பிரிகேட் ரோடு சந்தில் ஒன்று,
பெயர் சொல்ல மாட்டேன்,
எட்டு மாதப் பாக்கி வைத்திருக்கிறார்கள்.

ரெசிடென்சி ரோட்டில் 'பிஷப்ஸ் கேட்'.
உள்ளே போனதும் இடப்பக்கச் சுவரைப் பாருங்கள்:
ஒரு பழைய இங்கிலாந்து நகரம்.
கோட்டைமதில், கல்பாலம், மணிக்கூண்டு மாதாகோயில்,
மழையில் நிற்கும் மதுக்கடைகள் ஏழு.
முதலாளி பெள்ளியப்பா அந்த ஊருக்குப் போனதில்லை.
வரைந்தவரும் போனதில்லை.
பிஸ்கட் டின் மூடியைப் பார்த்து வரைந்ததாம்.
மூடியில் ஆறு இருந்த இடத்தில் துரு.
அதனால் ஆற்றை மட்டும்
தனக்குத் தெரிந்தபடி வரைந்துவிட்டார்:
அல்சூர் ஏரி, ஆகாயத்தாமரையோடு.
போன வருஷம் நிஜ வெள்ளைக்காரர் ஒருவர்
அதன் முன்னால் அழுதாராம்,
தன் ஊர் அப்படியே இருக்கிறதென்று.

அங்கேதான் எங்கள் கல்யாண நாளுக்கு
சகாயமேரியைக் கூட்டிப்போனேன்.
நான் கழுவிய குழாயை அவள் பார்க்கட்டுமே என்று.
முன்வாசல் எங்கே என்று
தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.
காவலுக்கு நின்ற கிரீஷ், காலையில் என்னை
"அண்ணா, டீ குடிச்சியா" என்பவன்,
என் காலைப் பார்த்தான்.
"செருப்புக்கு அனுமதி இல்லை சார்."

சார் என்றானே,
அதில்தான் எனக்குக் கோபம் வரவில்லை,
வேறு ஏதோ வந்தது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே
காக்ஸ் டவுன் வரை ஆட்டோவில் வந்தாள்.
அங்கே ஒரு பார், குழாயே கிடையாது,
எல்லாம் பாட்டில். நான் கழுவ ஒன்றுமில்லை.
ஃபேமிலி ரூம் என்ற பெயரில் ஒரு திரைச்சீலை.
காங்கிரஸ் கடலை, வெங்காயம், பச்சைமிளகாய்.
ஒரே ஒரு வாய் வைத்துப் பார்த்தாள் பீரை,
முகத்தைச் சுளித்தாள்:
"இதற்காகவா பதினோரு வருஷமாய்
விரல் வெந்துபோய் வீட்டுக்கு வருகிறாய்?"
பிறகு இன்னொரு வாய்.
பிறகு பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த பாரின் பெயர் கேட்காதீர்கள்,
எனக்கே தெரியாது, பலகையில் விளக்கு இல்லை.
நீங்கள் 'பிஷப்ஸ் கேட்'டுக்கே போங்கள்.
செவ்வாய் மாலை போங்கள்,
திங்கள் நான் போயிருப்பேன்.
மூன்றாவது குழாயில் வாங்குங்கள்.
ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.