பதினோரு அங்குலம்

கோயம்புத்தூரிலிருந்து வந்த எட்வின்
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து
எங்கள் கொல்லைக்கு நீலம் பூசினார்.
கறிவேப்பிலைச் செடி நின்ற இடத்தில் அருவி.
துணிக்கொடிக்கு அடியில்
கறுப்புக் கண்ணாடி போட்ட யாரோ ஒருத்தி மல்லாந்திருந்தாள்.
"அவங்க படத்துல மட்டும்தான் மேடம்."

நாகமலைப் புதுக்கோட்டையில்
நாலு நாளுக்கொருமுறை குழாய் இருமும்.
எங்கள் போர் அறுநூற்றெழுபது அடி.
அதன் உப்பு, ஷவரின் கண்களை
ஒவ்வொன்றாக மூடிவிட்டது.
முப்பத்திரண்டாயிரம் லிட்டர் என்றதும்
அரியநாதன் விரல்விட்டு லாரிகளை எண்ணினார்.
மூன்று. வெயில் குடிப்பதற்குத் தனி.
"ஒருதரம் நிரப்பினா போதும் சார்,
அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி வரும்."
இருபத்தாறு வருசக் கல்யாணம் மாதிரி என்று
தோன்றியது. சொல்லவில்லை.

பம்ப்புக்கு வந்தபோதுதான்
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
கப்பலூரில் என் பட்டறை ரப்பர் வாஷர் அடிக்கிறது.
"சீல் என்ன ரப்பர்?"
எட்வின் பட்டியலைப் புரட்டினார்.
"நல்ல ரப்பர்தான் மேடம்."
நைட்ரைல் என்றால் குளோரின் ஒரே கோடையில் தின்றுவிடும்.
ஈபிடிஎம் போடுங்கள்.
வேண்டாம், நானே அடித்துத் தருகிறேன்,
அந்த வரியில் நானூறு குறையுங்கள்.
அதுவரை அரியநாதனைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர்
என் பக்கம் திரும்பினார்.

மணல் வடிகட்டி சரி.
இலை அள்ளும் ஸ்கிம்மர் இரண்டு.
பக்கத்து வீட்டு வேம்பு
யாரையும் கேட்டு உதிர்ப்பதில்லை.
அடியில் விளக்கு நாலு. நாலு எதற்கு, ரெண்டு.
நிறம் மாறுகிற விளக்கு வேண்டவே வேண்டாம்,
கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும்.
அருவியை அடித்தேன்.
அரியநாதன் திரும்ப எழுதினார்.
தாள் கிழியும்வரை அடித்தேன்.

அப்புறம் அவர், காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு,
சாதாரணமாகத்தான் கேட்டார்:
"வீட்ல யாரெல்லாம் நீந்துவீங்க?"

மின்விசிறி சுற்றியது.
நான் அரியநாதனைப் பார்த்தேன், அவர் அருவியைப் பார்த்தார்.
மாடிப்படியிலிருந்து இன்பா சொன்னான்:
"யாருக்குமே தெரியாதுண்ணே."

சொல்லித்தான் ஆகவேண்டும்.
என் முதுகெலும்பில்
நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலிருந்த வாஷர்
போய்விட்டது.
அந்த அளவில் எந்தப் பட்டறையும் அடிப்பதில்லை.
தரையில் நடக்காதீர்கள், தண்ணீரில் நடங்கள் என்கிறார் டாக்டர்,
என்னவோ எனக்குப் பழக்கம் உள்ளதுபோல.

எட்வின் சிரிக்கவில்லை.
ஆழம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
என்னைச் சுவரோரம் நிற்கவைத்து
தோள் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டார்.
நாலடி. எழுதினார்.
கேட்காமலே அடுத்த வரியில்
கைப்பிடிக் கம்பி, நீளவாக்கில், இருபுறமும்.

வியாழக்கிழமை ஜேசிபி வந்தது.
மூன்றடி ஓரங்குலத்தில் அதன் பற்கள் கிறீச்சிட்டன.
மலை தெருவுக்கு அந்தப்பக்கமே முடிந்ததாக நினைத்திருந்தோம்.
அது எங்கள் துணிக்கொடிவரை
காலை நீட்டிப் படுத்திருக்கிறது.
"இதோட நிப்பாட்டிக்கங்கக்கா,
பிள்ளைங்க வெளாட இது போதும்."
பாறை உடைக்கிற பிரேக்கருக்கு
மணிக்கு ஆயிரத்து நானூறு.
அரியநாதன் வானத்தில் கணக்குப் போட்டார்.

ஸ்டூல் கேட்டு வாங்கி,
செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளத்தில் இறங்கினேன்.
பாறை வெயிலில் சுடவில்லை,
இவ்வளவு நாள் இருட்டில் இருந்த சில்லிப்பு.
மண்ணின் விளிம்பு என் இடுப்போடு நின்றது.
நாலு எட்டு நடந்து பார்த்தேன்,
கையைத் துடுப்பு மாதிரி வைத்துக்கொண்டு.
ஜேசிபிக்காரர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் பதினோரு அங்குலம் அடிங்க" என்றேன்.
"அருவிக்கு வச்ச காசு இருக்கு."