குறுக்குக் கோடு போட்ட ஏழு

முதலில் பொய்யை மனப்பாடம் செய்துகொண்டேன்.
'கணினியில் பிழை, சென்யோரா. அந்த விலை செல்லாது.'
முதலாளி தோன் கஸ்தோன் தொலைபேசியில்
இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார்,
வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வதுபோல.

காலையிலிருந்து பதினோரு பேரிடம் சொல்லியாயிற்று.
கத்தினார்கள். ஒருவர் மேசைமணியைத் தூக்கி எறிந்தார்,
அது இப்போது சரியாக ஒலிப்பதில்லை.
கத்துகிறவர்கள் பரவாயில்லை,
கடைசியில் பணப்பையைத் திறந்துவிடுவார்கள்.
விக்குன்யாவில் வேறெங்கே போவது?
கழுதைக் கொட்டகைக்குக்கூட அன்று வாடகை பேசினார்கள்.
சூரியன் மறையப்போகும் இரண்டு நிமிடத்தை
எல்கிப் பள்ளத்தாக்கே கூறுபோட்டு
விற்றுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவதாக வந்தவள் நோல்ஃபா ரிக்கெல்மே.
தால்காவானோவில், மீன் டப்பா ஆலையில் தரம் பார்க்கிறவள்.
பதினாறு மணி நேரம் பேருந்து.
ஒரு பை, ஒரு கம்பளிச் சால்வை,
இருபது மாதம் மடித்தே வைத்திருந்த ஒரு தாள்.

பொய்யைச் சொன்னேன்.
நெளிந்த டப்பாவைக் கையில் வாங்கியதுபோல
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு தாளைப் பிரித்தாள்.
'இதில் கணினி எங்கே இருக்கிறது?'

பேனாவால் எழுதிய ரசீது.
ஏழாம் அறை, மேற்கு ஜன்னல், 37,000 பெசோ.
லா செரேனாவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள்
பஸ் பிடித்து இங்கே வந்தாள் அன்று. மின்சாரம் இல்லை.
முன்பணம் எடுத்தவளிடம்
'வேண்டாம் சென்யோரா, எழுதியிருக்கிறதே, போதாதா'
என்றது இதே வாய்.

என் ஏழின் இடுப்பில் ஒரு கோடு உண்டு.
எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
'இந்த ஏழு உங்களுடையதுதானே?'

இப்போது இரண்டு லட்சத்து எழுபதாயிரம் என்றேன்.
'சரி. அதையும் எழுதிக் கொடுங்கள். அதே கையால்.'

எழுதினேன். இரண்டு வந்தது.
அடுத்தது ஏழு.
பேனா நின்றது.
மை தீரவில்லை, அது எனக்குத் தெரியும்.

அவள் போய் சோபாவில் உட்கார்ந்தாள்.
மாண்டரின் பழம் ஒன்றை உரித்தாள், சுளை சுளையாக, அவசரமில்லாமல்.
ஜூலைக் குளிரில் அந்த வாசனை
என் மேசைவரை வந்து நின்றது.

'இன்னுமா வெளியே அனுப்பவில்லை?' தோன் கஸ்தோன்.
'அந்த அறை சந்தியாகோ ஆட்களுக்கு.
ஒன்பது மணிக்கு வேன்.'
'பழம் சாப்பிடுகிறார், ஐயா,' என்றேன்.
வேறென்ன சொல்ல?

நாலரை மணிக்கு நாய்கள் அடங்கின.
சமையல்கார யொலாந்தா ஏப்ரனோடு தெருவுக்கு ஓடினாள்,
அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும்.
சாவிப் பலகையைப் பூட்டிவிட்டுப் போவது வழக்கம்.
அன்று பூட்டினேனா என்று
யாரும் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

மலைமேல் நீலம் கெட்டியானது.
குளிர் கணுக்கால் வழியே ஏறியது.
சூரியன் இருந்த இடத்தில்
ஆணி பிடுங்கிய சுவர்போல ஒரு கறுப்பு ஓட்டை,
சுற்றிலும் வெளுத்த மயிர்.
பகலில் வெள்ளி முளைத்தது. யொலாந்தா அழுதாள்.
நான் வானத்தைப் பாதிதான் பார்த்தேன்.
மாடியில், மேற்குப் பக்கம்,
ஒரு ஜன்னல் திறந்த சத்தம்.

திரும்பி வந்தபோது
ஏழாம் கொக்கி காலி.
சாம்பல் கிண்ணத்தில் மாண்டரின் தோல்.
உடைந்த மணிக்கு அடியில்
மூன்று பத்தாயிரம், ஒரு ஐயாயிரம், இரண்டு ஆயிரம்,
விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தது.
ரசீதை மட்டும் விட்டுவைக்கவில்லை.
விவரமானவள்.

தொலைபேசி. 'போய்விட்டாளா?'
'கணினியில் பிழை, தோன் கஸ்தோன்,' என்றேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும்.
மேலே வெந்நீர்க் குழாய் முனகத் தொடங்கியது.
ஒன்பது மணி வேனுக்கு
புதிதாக ஒரு பொய் வேண்டும்.
இதையாவது நானே செய்துகொள்கிறேன்.