இயந்திர லாபம்

ஆறாம் வகுப்பு டி பிரிவு, மூன்றாவது பீரியட்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முசாஃபாவின் டயர் கடைகள்,
காலையிலிருந்தே நட்டு கழற்றும் சத்தம்.
அழிரப்பர் மேல் ஸ்கேலைக் கிடத்தி
ஒரு முனையில் ஒரு திர்ஹம்
மறு முனையில் இரண்டு வைத்தேன்.
ரப்பரை நகர்த்து. இன்னும். இன்னும் கொஞ்சம்.
ஒற்றைக் காசு இரட்டையைத் தூக்கிவிட்டது.
கைதட்டிய அதிர்வில்
ஒரு காசு உருண்டு பீரோவுக்கடியில் போனது;
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதிப்போட்டேன்.
தமிழில் நினைத்துக்கொள்வது என் சொந்தச் செலவு.
ஜோஷ்வினுக்கு மட்டும் குனிந்து சொன்னேன்,
நம்ம மொழியில் இதற்குப் பேர் இயந்திர லாபம்.
"லாபம்னா எத்தனை திர்ஹம் மிஸ்?"

ஒன்றும் இல்லையப்பா.
விசை குறைந்தால் தூரம் கூடும்.
பெருக்கிப் பார், மொத்த வேலை அதேதான்.
சொல்லும்போதே
வீட்டு வாடகைக்கான காசோலைத் தேதி
ஏனோ ஞாபகத்துக்கு வந்தது.

மதியம் இரண்டு மணி. புழுதிக் காற்று.
பதினாலாம் நம்பர் பேருந்தின் பின்சக்கரம்
வேலியோரத்து மணலில் பாதி போய்விட்டது.
மதில் நிழலுக்கு அகலம் ஒரு முழம்;
அதில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள்
பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு.
ஓட்டுநர் குல் ஜமான்
கைக்குட்டை சுற்றிய கையால்
ஜாக்கியைத் திருகுகிறார், திருகுகிறார்.
பேருந்து ஏறவில்லை.
ஜாக்கிதான் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தோம்.
ரிஃப்கா மட்டும் குந்தி உட்கார்ந்து
கீழே பார்த்தாள்.
"மிஸ், அடியில ரப்பரே இல்ல."

ஆய்வகத்துக்கு ஓடினேன்.
நேற்று பொம்மை லாரியை
வில் தராசு கட்டி இழுத்து ஏற்றிய பலகை,
நான்கடி நீளம், பச்சை வர்ணம்.
உதவியாளர் பிஷ்ணு பதிவேட்டை நீட்டினார்.
பொருள்: சாய்தளம், ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியாமல்
கையெழுத்தை மட்டும் போட்டேன்.

மணலைக் கையால் வழித்தார்கள்.
பலகை படுத்தது. அதன் மேல் ஜாக்கி.
குல் ஜமான் பிஸ்மில்லா சொல்லித் திருகினார்.
பலகை ஒருமுறை முனகியது.
ஜோஷ்வின் உரக்க எண்ணினான்:
"நாப்பது சுத்து மிஸ். ஒரு விரக்கடை ஏறியிருக்கு."
கணக்கு சரி என்றேன்.
குல் ஜமானின் முதுகுச் சட்டை
முழுதாக நனைந்து நிறம் மாறியிருந்தது.
அந்தக் கணக்கை
யாரும் கேட்கவில்லை. நானும் போடவில்லை.

சக்கரத்தடியில் சாக்கும் மிதியடிகளும் திணித்து
மூன்றே காலுக்கு வண்டி நகர்ந்தது.
ஜன்னல் வழியே
யாரோ எனக்கு டாட்டா காட்டினார்கள்,
புழுதியில் முகம் தெரியவில்லை.

பலகையை மறுநாள் திருப்பிக் கொடுத்தேன்.
நடுவில் விரலளவு விரிசல்.
இந்த வருடமும் அதே பலகைதான்.
பொம்மை லாரி நன்றாக ஏறி வந்து
அந்த இடத்தில் மட்டும்
ஒரு கணம் தயங்கி நிற்கும்.
ஏன் மிஸ் என்று புதுப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
உராய்வு என்கிறேன்.
அது அடுத்த பாடம்.